கச்சத்தீவுக்கு டூர் பேக்கேஜ் வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் கல்லூரியில் கூடப் படித்த நண்பன் ஒருவன் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தான்.

"மாப்ள, நீ ராம்நாடு பக்கம்தானே இருக்க? கச்சத்தீவுக்கு டூர் பேக்கேஜ் ஏதும் இருக்கா? பசங்களுக்கு லீவு வருது. ட்ரோன் விட்டு வீடியோ எடுத்தா செமயா இருக்கும்ங்கிறான் பெரியவன்."

அப்படி எதுவும் கிடையாதுடா என்றேன். வருஷத்துக்கு ஒரு தடவை அந்தோணியார் கோயில் திருவிழா. அதுக்குப் பேர் குடுத்து, போலீஸ் விசாரணை முடிஞ்சு, மீனவர்களோட விசைப்படகுல போகணும். ஒரு ராத்திரி தங்கிட்டுத் திரும்பி வந்துடணும். அவ்வளவுதான் என்றேன்.

"என்னடா இது, இவ்ளோ பக்கத்துல இருக்கு. ரெண்டு கவர்மெண்டும் சேந்து டூரிஸ்ட் ஸ்பாட் ஆக்கிட்டா எல்லாருக்கும் நல்லதுதானே? உங்க ஊர்க்காரங்களுக்கும் வருமானம்."

அப்போது வெளியில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டேன். அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதிவிடுகிறேன். அவன் ஒருவன் மட்டும் கேட்கவில்லை. தீவைச் சுற்றுலாத் தலமாக்கலாமே என்கிற பேச்சு அவ்வப்போது எழுந்துகொண்டேதான் இருக்கிறது.

முதலில், தெரியாதவர்களுக்காக இடத்தைப் பற்றி.

கச்சத்தீவு மொத்தமே 285 ஏக்கர். நம்ம பக்கத்துப் பெரிய தென்னந்தோப்புகள் சிலவற்றைச் சேர்த்தால் அவ்வளவு வந்துவிடும். யாரும் குடியிருக்கவில்லை. குடிக்கிற தண்ணீர் கிடையாது. இருப்பது ஒரு அந்தோணியார் கோயில். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் கரையைச் சேர்ந்த ஒரு தமிழ் மீனவர் கட்டியது என்பார்கள். இப்போது அது யாழ்ப்பாணம் மறைமாவட்டத்தின் பொறுப்பில் இருக்கிறது. 2016 டிசம்பரில் புதிய கோயில் திறந்தார்கள்.

1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் போட்ட ஒப்பந்தத்தில் தீவு இலங்கைப் பக்கம் போனது எல்லோருக்கும் தெரியும். அதே ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு பலருக்குத் தெரியாது. இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் அதுவரை போய் வந்ததுபோலவே தீவுக்குப் போய் வரலாம், அதற்காக இலங்கை பயண ஆவணமோ விசாவோ கேட்காது என்கிறது அது. 1976-ல் வந்த கடிதப் பரிமாற்றத்துக்குப் பிறகு மீன்பிடி விஷயத்தில் அந்தப் பிரிவுக்கு என்ன அர்த்தம் என்பதில் இன்றுவரை சண்டை. யாத்ரீகர்கள் விஷயத்தில் சண்டை இல்லை. பாஸ்போர்ட்டே இல்லாத ஒரு மீனவப் பாட்டி சட்டப்படி வேறொரு நாட்டு மண்ணில் கால் வைத்துவிட்டு மறுநாள் வீட்டுக்கு வந்து மீன்குழம்பு வைக்க முடிகிற இடம், எனக்குத் தெரிந்து நம் கடற்கரையில் இது ஒன்றுதான்.

நம் பக்கம் ராமேஸ்வரத்திலிருந்து படகு. அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் பிடித்துக் குறிகட்டுவான் துறைக்கு வந்து, அங்கிருந்து படகு. வெள்ளிக்கிழமை கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவில் தேர்பவனி. சனிக்கிழமை காலையில் பூசை. கொடி இறங்கியதும் அவரவர் படகு, அவரவர் கரை.

போர்க்காலத்தில் பல வருடங்கள் இதுவும் நின்றுபோயிருந்தது. போர் முடிந்து 2010-க்குப் பிறகுதான் நிலையாக நடக்கிறது.

இப்போது என்னிடம் சர்க்கரைக்கு மருந்து எடுக்கிற ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கணவர் கடலுக்குப் போனவர், இப்போது இல்லை. பேர், ஊர் வேண்டாம். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவருடைய அக்காவை 1983-க்கு முன்னால் நெடுந்தீவில் கட்டிக் கொடுத்தார்கள். அப்போதெல்லாம் அது பெரிய விஷயமே இல்லையாம். ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலம். இங்கே பெண் எடுப்பது, அங்கே பெண் கொடுப்பது, கச்சத்தீவு திருவிழாவில் மாப்பிள்ளை பார்ப்பது எல்லாம் சாதாரணம். பிறகு போர். கப்பல் நின்றது. கடிதம் நின்றது. அக்கா உயிரோடு இருக்கிறாளா என்பதுகூடத் தெரியாமல் ஏழெட்டு வருஷம் போனதாகச் சொல்வார். மறுபடி பார்த்தது கச்சத்தீவில்தான். கூட்டத்தில் அக்காதான் இவரை முதலில் அடையாளம் கண்டாராம்.

"அவ பேச்சே மாறிப்போச்சு தம்பி. கதைக்கிறேன், கதைக்கிறேன்ங்கிறா. மொதல்ல எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு."

அதிலிருந்து வருடாவருடம் போகிறார். இங்கிருந்து சேலை, துண்டு, எவர்சில்வர் தூக்கு. அங்கிருந்து புழுக்கொடியல், பனங்கட்டி. எங்க ஊர்க் கருப்பட்டிக்கு அந்தப் பனங்கட்டி கிட்ட வராது என்று இவர் சொல்வார். அக்கா ஒத்துக்கொள்ளவே மாட்டாராம். மொத்தம் ஒரு சாயங்காலம், ஒரு ராத்திரி. கோயிலுக்கு வெளியே மணலில் துண்டை விரித்து உட்கார்ந்து விடியவிடியப் பேச்சு. தேர் வரும்போது மட்டும் எழுந்து நிற்பார்களாம்.

2022-ல் இலங்கையில் பொருளாதார நெருக்கடி வந்தது நினைவிருக்கும். பெட்ரோலுக்கு வரிசையில் நின்றதைத்தான் டிவியில் காட்டினார்கள். மருத்துவமனைகளில் மருந்து இல்லாமல் போனது அதைவிடப் பெரிய கொடுமை. 2023 திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் இந்த அம்மா என்னிடம் வந்து, அக்காவுக்கும் சர்க்கரை, அங்கே மாத்திரை ஒழுங்காகக் கிடைக்கவில்லையாம், அவள் பேருக்கு மூணு மாதத்துக்கு எழுதிக் கொடுங்கள் என்றார்.

நான் மறுத்துவிட்டேன். நான் பார்க்காத நோயாளி. கிட்னி எப்படி இருக்கிறது, இதயம் எப்படி இருக்கிறது, என்ன மருந்து எடுக்கிறார், எதுவும் தெரியாது. மெட்ஃபார்மின் பாதுகாப்பான மாத்திரைதான். ஆனால் சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு அதுவே வினையாகிவிடும். சட்டமும் இருக்கிறது, கடலில் சோதனையும் இருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

திருவிழா முடிந்து ஒரு மாதம் கழித்து வந்தார். சர்க்கரை 340. வழக்கமாக 150-ஐத் தாண்டாதவர். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் பதில் இல்லை. கூட வந்த மருமகள்தான் உடைத்துச் சொன்னார். தன் மாத்திரை எல்லாவற்றையும் அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். தர்மாஸ்பத்திரியில் மறுபடி கேட்டால் திட்டுவார்கள், என்னிடம் கேட்டால் நானும் திட்டுவேன் என்று ஒரு மாதம் மாத்திரையே போடவில்லை.

திட்டத்தான் செய்தேன். அப்புறம் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது என் நண்பனின் கேள்விக்கு வருகிறேன்.

சுற்றுலாவும் திருவிழாவும் சேர்ந்தால் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். மலேசியாவில் பத்துமலைத் தைப்பூசத்தைப் பாருங்கள். 1890-களில் நம் மக்கள் தொடங்கிய விழா. இன்றைக்குப் பக்தர்களும் பார்வையாளர்களுமாகப் பல லட்சம் பேர் வருகிறார்கள். 272 படிகளுக்கும் 2018-ல் வண்ணம் அடித்தார்கள். பாரம்பரியச் சின்னத்தில் அனுமதி கேட்காமல் பெயின்ட் அடிப்பதா என்று தொல்பொருள் பக்கத்திலிருந்து முணுமுணுப்பு வந்தது. ஆனால் போட்டோ உலகமெங்கும் போனது. அந்தப் படியில் ஏறுகிறவர்களில் நேர்த்திக்கடனுக்கு ஏறுபவர் பாதி, இன்ஸ்டாகிராமுக்கு ஏறுபவர் பாதி. இருந்தாலும் பத்துமலை அதைத் தாங்குகிறது. கோலாலம்பூர் பக்கத்தில் இருக்கிறது, வாசல்வரை ரயில் வருகிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. முக்கியமாக, அலகு குத்தி வருகிற பக்தன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். யார் வந்து வேடிக்கை பார்த்தாலும் அடுத்த வருஷமும் அவன் வருவான்.

இதற்கு நேர் எதிராக மெக்சிகோ சிட்டி. அங்கே இறந்தோர் நாள் என்று ஒரு பண்டிகை. நவம்பர் முதல் வாரத்தில் வீட்டில் இறந்தவர்களுக்குப் படையல் வைப்பார்கள், கல்லறைக்குப் போய்ப் பூப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நம்ம ஊர் கல்லறைத் திருநாள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2015-ல் வந்த ஸ்பெக்டர் என்கிற ஜேம்ஸ் பாண்ட் படத்தில், அந்த நகரத்தில் இதற்காக ஒரு மாபெரும் ஊர்வலம் நடப்பதுபோல் காட்டினார்கள். நிஜத்தில் அந்த நகரத்தில் அப்படி ஒரு ஊர்வலமே கிடையாது. படம் பார்த்துவிட்டு வரும் சுற்றுலாப் பயணிகள் ஊர்வலம் எங்கே என்று கேட்பார்களே! 2016-லிருந்து நகர நிர்வாகமே ஊர்வலம் நடத்தத் தொடங்கிவிட்டது. இன்றைக்கு அது பெரிய கொண்டாட்டம். நகரத்துக்குப் பணம் வருகிறது, அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பார்க்க வருகிறவன் கேட்டான் என்பதற்காகத் திருவிழா தன் உருவத்தையே மாற்றிக்கொண்டதா இல்லையா?

கச்சத்தீவில் என்ன நடக்கும் என்று சொல்லப் பெரிய கற்பனை வேண்டாம். தனுஷ்கோடியைப் பார்த்தவர்கள் நாங்கள். 2017-ல் அரிச்சல்முனைவரை சாலை திறந்தார்கள். நல்ல சாலை, நானே அடிக்கடி போகிறேன். 1964 புயலில் அத்தனை பேர் செத்த இடம் அது. இன்றைக்கு இடிந்த சர்ச்சுக்கு முன்னால் நின்று ரீல்ஸ் எடுக்கிறார்கள். எங்கே பார்த்தாலும் தண்ணீர் பாட்டில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே கார் நிறுத்த இடம் கிடையாது.

இத்தனைக்கும் தனுஷ்கோடியில் மணலைத் தோண்டினால் ஊற்றுத் தண்ணீராவது வருகிறது. கச்சத்தீவில் ஒரு சொட்டு குடிதண்ணீர் படகில்தான் வரவேண்டும். திருவிழாவின் இரண்டு நாளைக்கு இலங்கைக் கடற்படை தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை, முதலுதவி எல்லாம் செய்கிறது. அதுவே பெரிய வேலை. கூட்டம் கூடும் இடத்தில் ஒரு டாக்டராக நான் முதலில் பார்ப்பது கழிப்பறையையும் தண்ணீர்த் தொட்டியையும்தான். சாமியைப் பிறகுதான் கும்பிடுவேன். ஆஸ்பத்திரி இல்லாத 285 ஏக்கரில் தினம் நூறு பேர் வந்து போனால் அந்த மலமும் குப்பையும் எங்கே போகும்? சுற்றிப் பவளப்பாறையும் மீனும். ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் எத்தனை மணி நேரத்தில் கரை சேர்ப்பீர்கள்?

நோய் விஷயத்தில் இந்தக் கடலுக்கு ஒரு பழைய கதை உண்டு. மண்டபம் முகாமை எல்லோருக்கும் அகதி முகாமாகத்தான் தெரியும். அது முதலில் கட்டப்பட்டது இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களைத் தனிமைப்படுத்தி வைக்க. காலரா இருக்கிறதா, அம்மை இருக்கிறதா என்று நாள்கணக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கப்பலேற்றுவார்கள். க்வாரண்டைன் என்ற வார்த்தையைக் கொரோனாவில்தான் கேள்விப்பட்டோம் என்று நினைக்கிறோம். நம் தாத்தா பாட்டிகள் அதை அனுபவித்தே போனார்கள்.

இலங்கை 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கியது. அந்த நாட்டுக்குள்ளேயே தொற்றிய கடைசி மலேரியா 2012-ல். பெரிய சாதனை. நாம் இன்னும் அங்கே வரவில்லை. இது போதாதென்று, இந்தியாவில் நகர மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சி கொசுவை மன்னார் பக்கம் கண்டுபிடித்ததாக 2017-ல் அறிவித்தார்கள். அந்தக் கொசு யாரிடம் விசா வாங்கியது, எந்தப் படகில் போனது, தெரியாது. வருஷத்துக்கு ஒரு தடவை, பேர் எழுதி, எண்ணிக்கை வைத்துப் போகிற யாத்ரீகர்களைக் கண்காணிப்பது சுலபம். காய்ச்சல் இருந்தால் பட்டியலை வைத்து ஆளைத் தேடிவிடலாம். தினசரி டூர் படகில் அது நடக்காது.

சரி, வருமானம்? ஆளே இல்லாத தீவில் யாருக்கு வருமானம்? இட்லிக்கடை வைக்க ஒரு பாட்டி கிடையாது, ஆட்டோ ஓட்ட ஒரு பையன் கிடையாது. படகுக் கம்பெனிக்குப் போகும், அனுமதிச் சீட்டு கொடுக்கிற அலுவலகத்துக்குப் போகும். அவ்வளவுதான்.

என் நண்பனுக்குத் தீவுதான் பார்க்கவேண்டும் என்றால் நெடுந்தீவுக்குப் போகட்டும். காட்டுக் குதிரைகள் இருக்கின்றன, பவளக்கல் மதில்கள் இருக்கின்றன, பெரிய பெருக்கமரம் இருக்கிறது, பையன் ஆசை தீர வீடியோ எடுக்கலாம். போகிற வழியில் நயினாதீவில் நாகபூசணி அம்மனைக் கும்பிடலாம். நல்லூர்க் கந்தன் திருவிழா 25 நாள் நடக்கும், அதற்குப் போகட்டும். சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டியோடு உள்ளே போகவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள், சில நாளில் நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. அங்கெல்லாம் மனிதர்கள் வாழ்கிறார்கள். லாட்ஜ் வைத்திருக்கிறார்கள், சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார்கள். போரில் எல்லாவற்றையும் இழந்து மறுபடி தொடங்கியவர்கள். உன் காசு அவர்கள் கைக்குப் போகட்டும். அந்தச் சுற்றுலாவுக்கு நான் இரண்டு கையையும் தூக்கி ஓட்டுப் போடுவேன்.

இதுவரை சுற்றுலாக்காரர்களைப் பற்றிச் சொன்னேன். எனக்கு அதைவிடக் கோபம் வேறொன்றில்.

எல்லை தாண்டி வருகிற பக்தன் மேல் அரசியல் கோபத்தைக் காட்டுவது. 2012 செப்டம்பரில் நம் தமிழ்நாட்டில் நடந்தது. வேளாங்கண்ணித் திருவிழா நேரம். இலங்கையிலிருந்து பூண்டி மாதா கோயிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் வந்தவர்களை வழிமறித்துப் போராட்டம் செய்தார்கள், அவர்கள் போன பஸ்களைத் தாக்கினார்கள். பெண்களும் குழந்தைகளும் இருந்த பஸ்கள். கடைசியில் திருச்சியிலிருந்து தனி விமானம் வைத்து ஊருக்கு அனுப்பவேண்டியதாயிற்று. தமிழ்நாட்டுக்குப் போகாதீர்கள் என்று இலங்கை அரசு தன் மக்களுக்கு அறிவிப்பு விட்டது. 2009-ல் நடந்ததற்கு நம் எல்லோருக்கும் ஆறாத கோபம் உண்டு, எனக்கும் உண்டு. மாதாவிடம் மெழுகுவத்தி ஏற்ற வந்த ஒருத்தியிடமா அதைக் காட்டுவது? நாகூர் ஆண்டவருக்கு அந்தக் கரையில் கல்முனையில் கொடியேற்றுகிறார்கள். சிங்கப்பூரில், பினாங்கில் அவர் பேரில் தர்கா இருக்கிறது. இந்தச் சாமிகளும் அவுலியாக்களும் நம் கடலோரத்துக்குக் கொண்டுவந்த உறவை ஒரு மத்தியானத்தில் கல்லெடுத்து அடித்துவிட்டோம். அதைப் பற்றி இன்றுவரை நாம் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

அடுத்தது எழுதக் கஷ்டமான விஷயம், ஏனென்றால் என் நோயாளிகளில் பாதிப்பேர் இதில் சம்பந்தப்பட்டவர்கள்.

2024 பிப்ரவரியில் ராமேஸ்வரம் மீனவர்கள் கச்சத்தீவு திருவிழாவைப் புறக்கணித்தார்கள். இலங்கை நீதிமன்றம் படகோட்டிகளுக்குச் சிறைத்தண்டனை கொடுத்ததற்கு எதிர்ப்பு. யாத்ரீகர்களை ஏற்றிப்போவது அவர்களுடைய படகுகள்தான். படகு இல்லை என்றால் பயணம் இல்லை. பேர் கொடுத்திருந்த ஆயிரக்கணக்கானவர்கள் போக முடியவில்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் மட்டும் வந்து கொடியேற்றி இறக்கிவிட்டுப் போனார்கள்.

மீனவர்களின் வலி பொய்யில்லை. வாரக்கணக்கில் சிறையில் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். படகு பறிபோனால் ஒரு குடும்பம் பத்து வருஷம் எழுந்திருக்காது. ஆனால் என்னிடம் வைத்தியம் பார்க்கிற உரிமையில் ஒன்றைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம்ம இழுவைமடி அங்கே யாருடைய வலையை அறுக்கிறது? யாழ்ப்பாணத்து, மன்னாரத்துத் தமிழ் மீனவனுடையதை. போரில் கடலுக்கே போகவிடாமல் வைத்திருந்தார்கள் அவனை. இப்போதுதான் போகிறான். இலங்கை 2017-ல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடைசெய்ததற்கு அவன் போராட்டமும் ஒரு காரணம். அவனும் நாமும் வருஷத்தில் ஒரு ராத்திரியாவது ஒரே மணலில் உட்கார்ந்து சாப்பிடுவது அந்தத் திருவிழாவில்தான். அந்த ஒரு இடத்தையும் நாமே பூட்டிவிட்டால் பிறகு அவனிடம் எங்கே போய்ப் பேசுவோம்?

போராட வேறு நாளா இல்லை?

நம் பக்கம் தேர்தல் வந்தால் கச்சத்தீவு பேசுபொருளாகும். 2025 செப்டம்பர் 1-ம் தேதி இலங்கை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அங்கே போய்க் கால் வைத்துவிட்டு வந்தார், அது இரண்டு நாள் செய்தி. யாருக்குச் சொந்தம் என்கிற வழக்கை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் கேட்பதெல்லாம் சின்ன விஷயங்கள். எழுபது வயது தாண்டியவர்களுக்கும் அந்தக் கரையில் சொந்தம் உள்ளவர்களுக்கும் பேர் பதிவில் முன்னுரிமை கொடுங்கள். மீனவர்கள் வேலைநிறுத்தம் செய்தாலும் யாத்ரீகர்கள் போக அரசே ஒரு கப்பலைத் தயாராக வைக்கட்டும், அப்போது மீனவர்களின் போராட்டமும் கெடாது, பாட்டிகளின் பயணமும் கெடாது. இரண்டு நாட்டு டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு மருத்துவ முகாம் போடட்டும். அங்கே பார்த்து, அங்கேயே மருந்து கொடுக்கலாம். எனக்கு அழைப்பு வந்தால் சம்பளம் இல்லாமல் வருவேன்.

அடுத்த திருவிழாவுக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. இரண்டு நாள் பயணம்தானே என்று எண்ணி மாத்திரை எடுக்காதீர்கள், காற்று மாறினால் படகு தாமதமாகும். ஐந்து நாளைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், மருந்துச்சீட்டோடு. இன்சுலின் போடுபவர்கள் ஈரத்துணி சுற்றிய சின்னப் பானையிலோ கூலிங் பையிலோ வையுங்கள், வெயில் படுகிற இடத்தில் வைக்காதீர்கள். தவக்காலம் என்று ஒருசந்தி இருந்துகொண்டு சர்க்கரை மாத்திரையும் போட்டால் படகிலேயே சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவீர்கள். வேர்த்து, கை நடுங்கினால் உடனே கருப்பட்டியோ சர்க்கரையோ வாயில் போடுங்கள், அந்தோணியார் ஒன்றும் சொல்லமாட்டார். குமட்டல் வருபவர்கள் ஏறுவதற்கு முன்பே மாத்திரை போடவேண்டும், வாந்தி வந்தபிறகு போட்டால் அதுவும் சேர்ந்து கடலுக்குத்தான் போகும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலு.

முக்கியமாக, உங்கள் மாத்திரையை யாருக்கும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

அந்த அம்மாவைப் பற்றி மீதியையும் சொல்லிவிடுகிறேன். 2024-ல் படகு போகாது என்று தெரிந்த அன்று பை கட்டி வாசலில் வைத்திருந்தாராம். சேலை, தூக்கு, கூடவே என் கிளினிக்கிலிருந்து ஒரு தாள். அந்தத் தடவை நான் மருந்து எழுதவில்லை, உங்கள் ஊர் டாக்டரிடம் இந்த இந்தப் பரிசோதனைகள் செய்யச் சொல்லுங்கள் என்று அக்காவுக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். பை ஒரு வருஷம் பரணில் கிடந்தது.

2025 மார்ச்சில் நம் பக்கமிருந்து மூவாயிரம் பேருக்கு மேல் போனார்கள். இவரும் போனார். திங்கட்கிழமை காலையில் முதல் டோக்கன். அக்காவுக்கு வலது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்களாம், புண் ஆறாமல். தடி ஊன்றி வந்திருக்கிறார். என் தாளை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டாராம்.

"ஒரு வருசம் முன்னாடி குடுத்திருந்தா வெரலு இருந்திருக்குமா தம்பி?"

தெரியலம்மா என்றேன். டாக்டராக அதுதான் உண்மையான பதில்.

பிறகு முந்தானையிலிருந்து ஓலைப்பெட்டி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அக்கா கொடுத்தனுப்பியது. உன் டாக்டருக்கு, எங்கட பனங்கட்டியையும் ஒருக்கா சாப்பிட்டுப் பார்த்துவிட்டு எது நல்லது என்று நியாயமாச் சொல்லச் சொல்லு என்றாராம்.